அருள்பாண்டி அள்ளிக் கொடுத்த மண்

போடியில் ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது என்றால், அந்த வீட்டுக்காரன் பெண்டாட்டிக்குத் தெரிவதற்கு முன்னால் அருள்பாண்டிக்குத் தெரிந்துவிடும். இது சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை. பெயின்ட், பைப்பு, டைல்ஸ் விற்கிற கடை வைத்திருக்கிறேன். எந்தத் தெருவில் எந்தச் சுவரை இடிக்கிறார்கள் என்பது என் கல்லாவில் உட்கார்ந்தபடியே எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் அவன் எனக்கு முந்திக்கொள்வான்.

வீட்டு வியாபாரத்துக்கு வருவதற்கு முன்னால் அவன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் ஓட்டினான். விடிவதற்குள் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறிவிட வேண்டும். ஒருத்தி வர நேரமானால் மற்ற டிரைவர்கள் அவளை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அன்றைய கூலி அவளுக்குப் போச்சு. அருள்பாண்டி மட்டும் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்பான், திட்டுவான், அவள் தூக்குச்சட்டியோடு ஓடிவந்து ஏறும்வரை வண்டியை எடுக்கமாட்டான். கடைசி ஆள் ஏறாமல் அவன் வண்டி உருண்டதில்லை என்று மலையில் இன்றைக்கும் சொல்வார்கள். இந்தப் பெயரை வைத்துத்தான் பின்னால் வந்த எல்லாமே நடந்தது. அதனால்தான் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

மலையில் வண்டி ஓட்டி ஓட்டி இடுப்பு போனது. டாக்டர் இனிமேல் தோட்ட லோடு அடிக்காதே என்று சொல்லிவிட்டார். மாமனார் வீட்டைச் சரிசெய்து விற்றுக்கொடுத்ததில் கை ருசி கண்டுவிட்டது, பழைய வீட்டை வாங்கிச் சரிசெய்து விற்பதே தொழிலாகிவிட்டது. போடிக்கு ரயில் திரும்ப வந்ததும் மதுரைக்காரர்களும் சென்னைக்காரர்களும் மலையடிவாரத்தில் ஒரு பழைய வீடு வேண்டும் என்று தேடி வர ஆரம்பித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் தேக்குத் தூணைப் பிடுங்கிப் போட்டுவிட்டு கான்கிரீட் பில்லர் நிறுத்துகிற காலத்தில், இவன் தூணுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு நிற்பான்.

"பழசு கண்ணுக்குத் தெரியணும்ணே. காலுல மட்டும் படக்கூடாது" என்பான் என்னிடம்.

அதுதான் அவன் தொழில் ரகசியம். தூண், கதவு, ஜன்னல், விளக்கு மாடம் எல்லாவற்றையும் அப்படியே விடுவான். தரையை மட்டும் அடிமண்ணோடு தோண்டி எடுத்து வெளியே கொட்டிவிட்டு, கிராவல் நிரப்பி, கான்கிரீட் போட்டு, என் கடை டைல்ஸை ஒட்டிவிடுவான். பழைய வீட்டு மண்ணில் கரையான் இருக்கும், ஈரம் ஏறும். அவன் செய்தது சரியான வேலைதான். எனக்கும் அதில் நல்ல வியாபாரம்.

மொக்கம்மாளின் வீடு அப்படி வந்ததுதான். அவள் வீடு என்று சொல்வதே ஒரு பேச்சுக்குத்தான். அவள் புருஷன் வழி வீடு அது. யார் கட்டியது என்று அந்தக் குடும்பத்தில் யாருக்கும் சொல்லத் தெரியாது, அவ்வளவு பழசு. மொக்கம்மாள் அங்கே மருமகளாக வந்தாள், ஒரு மகளைப் பெற்றாள். புருஷன் போனபின் கொழுந்தன்மார் முகம் மாறியது. பூப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு ஏலத்தோட்டத்தில் கூலியாட்கள் குடியிருக்கிற லயத்துக்குப் போய்விட்டாள். அருள்பாண்டி ஜீப் ஓட்டிய காலத்தில், அவள் ஊருக்கு வந்து போவதெல்லாம் அவன் வண்டியில்தான்.

மகள் பெயர் பாண்டியம்மாள். மொக்கம்மாள் மலைக்குப் போவதற்கு முன்னாலேயே, ஒன்பதாவது படிக்கும்போது மஞ்சள் காமாலை வந்து அந்த வீட்டில்தான் இறந்துபோனாள். கல்யாணமாகாமல் போன பெண்ணை வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். உள் அறையின் மூலையில், விளக்கு மாடத்துக்குக் கீழே, அவளுக்கு இடம். மாசி மாதம் மொக்கம்மாள் புதுப் பாவாடை, வளையல், பூவோடு மலையிலிருந்து இறங்கி வருவாள். கொழுந்தன்மார் வேண்டாவெறுப்பாக அறையைத் திறந்துவிடுவார்கள். தரையில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, பாவாடையை விரித்து, கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போவாள். மகள் வளர்ந்திருந்தால் என்ன அளவு இருப்பாளோ அந்த அளவுக்குத்தான் ஒவ்வொரு வருஷமும் பாவாடை எடுப்பாள். பிறகு ஒரு வயசோடு நிறுத்திக்கொண்டாள். இனிமேல் பிள்ளை வளரமாட்டாள் என்று ஜவுளிக்கடையில் சொன்னாளாம்.

வீட்டை விற்பதென்று கொழுந்தன்மார் முடிவெடுத்தபோது இவள் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. அவர்கள் மிரட்டிப் பார்த்தார்கள், மசியவில்லை. வாங்குகிறவன் அருள்பாண்டி என்று தெரிந்ததும் அவளே இறங்கி வந்தாள்.

"அப்பு, நான் கையெழுத்துப் போட்டுர்றேன். தரையில கைவைக்கிறதுக்கு முந்தி எனக்கு ஒரு வார்த்த சொல்லிவிடு. நான் வந்து பிடிமண் எடுத்து அவளக் கூட்டிக்கிட்டுப் போயிர்றேன். இனி எங்கூடவே இருந்துக்கிருவா."

"இதை நீ சொல்லணுமா ஆத்தா? உன்னைய விட்டுட்டு நான் என்னைக்கு வண்டியை எடுத்திருக்கேன்?"

சாமி இருக்கிற இடத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய் வேறு இடத்தில் வைத்தால் சாமியும் அங்கே வந்துவிடும். அதுதான் பிடிமண். மொக்கம்மாள் குடும்பத்தில் அதற்குக் கட்டுப்பாடு அதிகம். மண்ணை எடுத்தவர் அதைக் கொண்டுபோய் இறக்கும்வரை கீழே வைக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, வாய் திறந்து ஒரு சொல் பேசக் கூடாது.

அருள்பாண்டி நினைத்திருந்தால் அவளுக்குச் சொல்லியனுப்புவது ஒரு வேலையே இல்லை. காலையில் மலைக்குப் போகிற ஜீப்பெல்லாம் என் கடைக்கு எதிரில்தான் நிற்கும். ஏதாவது ஒரு டிரைவரிடம் வாயைத் திறந்தால் போதும். அவன் திறக்கவில்லை.

காரணம் இருந்தது. மதுரையிலிருந்து ஒரு டாக்டர் தம்பதி அந்த வீட்டைப் பார்த்துவிட்டு மயங்கிப் போயிருந்தார்கள். அந்த அம்மா தூணைக் கட்டிப்பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டார். மொக்கம்மாள் வந்தால் தனியாக வரமாட்டாள். லயத்துச் சனம் கூட வரும், உறுமி வரும், பொங்கல் வைப்பார்கள், யார் மேலாவது அந்தப் பிள்ளை இறங்கி அழும், தெருவே கூடும். அதில் ஒருத்தர் டாக்டர் காதில் போட்டால் போதும், செத்த பிள்ளை இருக்கிற வீடு என்று காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். இதுதான் அவன் கணக்கு. ஆனால் தனக்குத்தானே அவன் வேறு மாதிரி சொல்லிக்கொண்டான். ஏலக்காய் பறிப்பு நேரம், ஆத்தாவுக்கு லீவு கிடைக்காது, பாவம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று.

கொத்தனாரிடம் மட்டும் கண்டிப்பாகச் சொன்னான்: "மூலையில இருக்க மாடத்துல ஒரு கீறல் விழக்கூடாது. சாமி மாடம்." கொத்தனாரும் பத்திரமாகச் சாக்கைக் கட்டி மாடத்தை மறைத்துவிட்டு, அதற்குக் கீழே இடுப்பளவு தோண்டினார். மண்ணெல்லாம் ஜக்கையனின் டிராக்டரில் போனது. மாடத்தைக் காப்பாற்றியதால் கொடுத்த வாக்கில் பாதியையாவது காப்பாற்றியதாக அருள்பாண்டி நினைத்துக்கொண்டான். மாடம் விலை போகும், மண் விலை போகாது, விஷயம் அவ்வளவுதான். எனக்கு இன்றைக்கும் இதை நினைத்தால் அவன் மேல் ஆத்திரம் வருகிறது.

இனிமேல் சொல்வது அவன் பின்னால் என் கடையில் உட்கார்ந்து, பாதியில் பாதியில் நிறுத்திச் சொன்னது.

மாசி வந்தது. யாரும் சொல்லாமலே மொக்கம்மாள் வந்துவிட்டாள். புதுப் பாவாடையும் ஒரு சின்னப் பித்தளைச் செம்பும் கையில். வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகள் வரிசையாக இருந்தன. டாக்டர் அம்மா அன்று மாலை வருவதாக இருந்ததால் அழகுக்காக நர்சரியிலிருந்து வாங்கி வைத்தவை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையைப் பார்த்தாள். டைல்ஸில் அவள் முகம் தெரிந்தது.

"தரையப் போட்டுட்டியா அப்பு?"

அந்த இடத்தில் அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு வேறு பக்கம் புரண்டது.

"கரையான் ஆத்தா. நிக்க முடியல. ஆனா நான் மறப்பனா? தோண்டுறதுக்கு முந்தியே அந்த மூலையில ஒரு பிடி எடுத்துப் பத்திரமா வச்சிருக்கேன். நீ இரு, வெரசா கொண்டாறேன்."

கொல்லைப்பக்கமாகச் சுற்றி வாசலுக்கு வந்தான். ஒரு தொட்டியில் கையை விட்டு மண்ணை அள்ளினான். சாமி படத்துக்கு வாங்கி வைத்திருந்த மஞ்சள் துணியில் முடிந்தான். பைப்பில் கையைக் கழுவிவிட்டு முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு உள்ளே கொண்டுவந்து கொடுத்தான். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கிய நொடியிலிருந்து பேச்சை நிறுத்திவிட்டாள். கண்ணாலேயே அவனைக் கும்பிட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

அவளைப் பஸ்ஸில் அனுப்ப அவனுக்கு மனம் வரவில்லை. தன் ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு போனான். மொக்கம்மாளுக்கு மலை ஏறினால் தலை சுற்றும். அந்தக் காலத்தில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு இரண்டு கையும் முடிச்சின் மேல் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவள் தோள் கதவில் இடித்தது. வாந்தி வந்தபோதுகூட முடிச்சை மடியில் வைக்கவில்லை, தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே தலையை நீட்டினாள். அவன் வண்டியை எவ்வளவு மெதுவாக ஓட்டமுடியுமோ அவ்வளவு மெதுவாக ஓட்டினான். நிறுத்திச் சொல்லிவிடுவோமா என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தானாம். நினைத்தான், சொல்லவில்லை.

லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கொய்யா மரத்தடியில் கல் நட்டு மெழுகி வைத்திருந்தார்கள். முடிச்சை அவிழ்த்து மண்ணைக் கல்லின் அடியில் கொட்டி, பாவாடையைச் சாத்திவிட்டு அவள் பேசிய முதல் பேச்சு அவனோடுதான்.

"நீ நல்லாருப்ப அப்பு. எம்மகளக் கொண்டாந்து சேத்துட்ட."

வீடு விற்றது. டாக்டர் அம்மா மாடத்துக்குள் சின்ன விளக்கு போட்டு ஒரு புத்தர் தலையை வைத்திருக்கிறார், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அருள்பாண்டி அந்தத் தெருப்பக்கம் போவதை விட்டுவிட்டான். அடுத்து வாங்கிய வீடு பாதியில் நின்றது. தூணுக்கெல்லாம் எண்ணெய் போட்டாயிற்று, தரையைத் தோண்டச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கொத்தனார் வந்து வந்து திரும்பிப் போனார். அவன் மனைவி சுஜாதா ஒருநாள் என் கடைக்கு வந்து அழுதாள். "சோறு திங்க உக்காந்தா கையையே பாத்துக்கிட்டு இருக்காருண்ணே. கேட்டா ஒண்ணுமில்லங்குறாரு. நீங்களாச்சும் என்னன்னு கேளுங்க" என்றாள். கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. நான் சும்மா விடவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் இன்னும் கொஞ்சம் திட்டமாட்டேனா என்பதைப்போல உட்கார்ந்திருந்தான்.

ஜக்கையனைப் பிடித்து அந்த மண்ணை எங்கே கொட்டினாய் என்று கேட்டோம்.

"மண்ணுக்கு அட்ரஸா வச்சிருப்பாக?" என்று சிரித்தான். பிறகு யோசித்துச் சொன்னான். "முந்தல் ரோட்டுல பிளாட்டு போட்டாகள்ல. அங்க உள்ள போற ரோட்டுக்குப் பள்ளம் மேவ அடிச்சோம். அதுக்கு மேல ஜல்லி போட்டு தாரும் ஊத்திட்டாக."

அடுத்த மாசியில் மலை ஜீப் டிரைவர் ஒருவர் தாக்கல் கொண்டுவந்தார். மகளுக்கு முதல் வருஷக் கும்பிடு, அருள்பாண்டி வராமல் பொங்கப் பானை ஏறாது என்று மொக்கம்மாள் சொல்லிவிட்டிருந்தாள். அவன் என் கடை வாசலில் வண்டியை நிறுத்தினான்.

"துணைக்கு வாங்கண்ணே. இன்னைக்குச் சொல்லிர்றேன். தனியாப் போனா மறுபடியும் பொய் சொல்லிப்பிடுவேன்."

போனேன். லயத்தில் நல்ல கூட்டம். கொய்யா மரத்தடியைப் பார்த்ததும் அருள்பாண்டியின் கால் நின்றுவிட்டது. கல்லைச் சுற்றி ரோஸ் நிறத்தில் சின்னச் சின்னப் பூ, தரையோடு படர்ந்து பூத்திருந்தது. எங்கள் ஊரில் டேபிள் ரோஸ் என்பார்கள், மலையில் மலையாளத்துக்காரர்களைப் பார்த்து பத்துமணிப் பூ என்கிறார்கள். நர்சரித் தொட்டி மண்ணில் அதன் துண்டுத் தண்டு ஏதாவது கிடந்திருக்கும், வேறென்ன. மொக்கம்மாள் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாரு அப்பு, எம்மக பூத்துருக்கா. நான் ஒரு செடி வைக்கல, ஒரு விதை போடல. நீ கொண்டாந்த மண்ணுல தானா வந்தது. வந்த சந்தோசத்தக் காட்டுறா."

லயத்துப் பெண்களைப் பார்த்து, "இந்தப் புள்ளதான்டி" என்றாள். முதல் திருநீறு அவனுக்கு என்று தட்டை நீட்டினாள்.

அவன் தட்டைத் தொடவில்லை. அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர், கரையான், தொட்டி, மஞ்சள் துணி, ஒன்றையும் விடவில்லை. உறுமி அடித்தவர் கையை நிறுத்தினார். ஒரு பொம்பளை மண்ணை வாரி அவன் மேல் தூற்றினாள். அவன் துடைத்துக்கொள்ளவில்லை. மொக்கம்மாள் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப எம்மக எங்க கெடக்கா?"

"முந்தல் ரோட்டுல ஆத்தா. பிளாட்டுக்குப் போற ரோட்டுக்கு அடியில."

கல்லில் சாத்தியிருந்த பாவாடையை எடுத்து மடித்து இடுப்பில் செருகினாள். பூவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வண்டியை எடு."

மூன்று பேரும் மலையிறங்கி முந்தல் ரோட்டுக்கு வந்தோம். பிளாட்டுக்காரர்களின் கலர் போர்டைத் தாண்டி உள்ளே தார் ரோடு நீளமாகக் கிடந்தது. இன்னும் வீடு ஒன்றும் வரவில்லை. எந்த இடம் என்று அவள் கேட்டாள். இந்த முனையிலிருந்து அந்த முனைக்குள் எங்கேயோ என்பதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, தார் சூட்டில், ரோட்டின் ஓரமாகவே குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தாள். நாங்களும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனோம்.

"ராத்திரி இங்க லைட்டு எரியுமா?" என்று கேட்டாள்.

"கம்பம் நட்டுருக்காக ஆத்தா. கரண்டு இன்னும் குடுக்கல."

"இருட்டுன்னா அவளுக்குப் பயம்" என்றாள்.

அருள்பாண்டி முன்னால் ஓடிவந்தான். "ஆத்தா, இங்கயே ஓரத்துல ஒரு பிளாட்டு வாங்கிர்றேன். சின்னதா ஒரு கோயிலு கட்டுறேன். விளக்குப் போடுறேன். அவளுக்குன்னு ஒரு வீடாட்டம்..."

"வீட்டுல இருந்தவளத்தானப்பா நீ அள்ளி ரோட்டுல போட்ட" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தகவல் சொல்வது போலத்தான் சொன்னாள்.

ரோடு வளைகிற இடத்தில் தாருக்கு வெளியே கொஞ்சம் பழைய மண் சரிந்து கிடந்தது. அதில் நீலம் கலந்த சுண்ணாம்புக் காரை ஒரு சில்லு. அந்த வீட்டு உள் அறைக்கு மொக்கம்மாள் தன் கையால் நீலம் கரைத்து அடித்திருக்கிறாள். சில்லைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் அதைத் துடைத்தாள். பக்கத்து மண்ணைக் கையால் கிளறிக் கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, ஒரு பிடி எடுத்துப் பாவாடையில் வைத்து, சில்லையும் சேர்த்து முடிந்தாள். நெஞ்சோடு வைத்துக்கொண்டு எழுந்தாள்.

அப்போதுதான் அருள்பாண்டிக்கு வாய் வந்தது. அவள் காலடியில் விழுந்தான்.

"என்னைய மன்னிச்சிரு ஆத்தா. ஒரு வார்த்த சொல்லு. திட்டவாவது செய்யி."

மடையன். காலையிலிருந்து அவளுக்கு வாய் இருந்தது. மலையில் கேட்டிருக்கலாம், வண்டியில் கேட்டிருக்கலாம். மண் கைக்கு வந்தபிறகு அவளால் பேச முடியாது என்பது இந்த ஊரில் பிறந்த அவனுக்குத் தெரியாதா? தெரியும். விழுந்தபிறகுதான் ஞாபகம் வந்தது. தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. பிறகு அவனைச் சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

அவன் ஓடிப்போய் ஜீப்பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அவள் ஏறவில்லை, தாண்டிப் போனாள். மெயின் ரோட்டில் பூப்பாறை பஸ்சு வந்தது. அவள் கை நீட்டாமல் ரோட்டோரம் நின்றதைப் பார்த்து, இவன்தான் நடு ரோட்டில் போய் மறித்தான். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்து, "எங்கம்மா போகணும்?" என்றார். அவள் முன்னால் பார்த்தபடி இருந்தாள். "ஏம்மா, ஒங்களத்தான். எங்க?" அவள் வாய் திறக்கவில்லை. அருள்பாண்டி படியில் தொற்றி ஏறி, "பூப்பாறைண்ணே, ஆத்தா பேசமாட்டாக, சாமி மண்ணு வச்சிருக்காக" என்று சொல்லி டிக்கெட் வாங்கி அவள் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கினான். பஸ்சு போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் கூடாது.

அது நடந்து மாசக்கணக்காகிறது. அந்தப் பாதி வீட்டை அவன் அப்படியே கைமாற்றி விட்டுவிட்டான். இப்போது மறுபடி லோடு ஜீப் ஓட்டுகிறான், இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு. பூப்பாறைப் பக்கம் மட்டும் போவதில்லை. நான்தான் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கேட்டேன்.

"ஏன்டா, அன்னைக்குப் பொழுது சாயவே அந்த ஆத்தா மண்ண இறக்கி வச்சிருக்கும். இன்னும் என்ன? ஒரு போனப் போட்டுப் பேச வேண்டியதுதான?"

என் கடைக்கு எதிரில் ஜீப்பில் உட்கார்ந்திருந்தவன் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"பேச வேணாம்ணே. இப்ப ஆத்தா பேசாம இருக்கது சாமிக்காகத்தான்னு நான் நெனச்சுக்கிறேன். போன் போட்டு, அப்பவும் பேசலைன்னா?"

பின்னால் ஒரு பெண் தூக்குச்சட்டியோடு ஓடிவந்துகொண்டிருந்தாள். அவள் ஏறும்வரை நின்றுவிட்டு வண்டியை எடுத்தான்.